மலைக்காரர்களின் பேருந்தில் மலைக்குப் போவோம்

சேந்தமங்கலம் நிறுத்தத்தில் நின்றிருந்த பெரியவர் பேருந்தில் ஏறவில்லை. முன்படிக்கட்டருகே வந்து, மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்றை நடத்துநரிடம் நீட்டினார். "செம்மேடு தாண்டி ரெண்டாவது ஸ்டாப்புல எம் மருமவ வந்து நிக்கும். குடுத்துருங்க தம்பி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொல்லிருங்க." நடத்துநர் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாருடைய மருமகள், என்ன பெயர் என்றெல்லாம் கேட்கவில்லை. விசில் ஊதினார்; வண்டி கிளம்பியது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். மலைக்கு மேலே, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே, பெயர்ப் பலகைகூட இல்லாத ஓரிடத்தில் வண்டி நின்றது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தார். பொட்டலம் கைமாறியது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணாம்மா. மாமா சொல்லச் சொன்னாரு." அந்தப் பெண் தலையாட்டினார். மறுபடியும் விசில்.

நாமக்கல்லில் ஏறி, கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். முதுகுப்பையில் இரண்டு மாற்றுத் துணி, துண்டு, போர்வை, டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தன. பேருந்தில் பார்த்ததெல்லாம் அருவிக்குப் போகும் வழியில் வந்துபோகும் காட்சிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் அதே பேருந்தில் இறங்கி வரும்போது எண்ணம் மாறியிருந்தது. அருவிக்கு நான் போகாவிட்டாலும் அது விழுந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பேருந்து ஓடாவிட்டால் மலையில் பல வீடுகளின் அன்றாடமே நின்றுபோகும். அருவியைப் பார்க்கப் போகிற நாம், அந்தப் பேருந்து தொடர்ந்து ஓடுவதற்கு ஒரு பயணச்சீட்டாவது வாங்க வேண்டும். அரசும் மலைச் சுற்றுலா என்றதும் வாகன நிறுத்துமிடத்தை நினைக்காமல் பேருந்தை நினைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

எழுபது வளைவுகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. மேல்பரப்பு பெரும்பாலும் 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்ததும் சமவெளி முடிகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பேருந்தில் ஏறும் குழந்தைகள் அந்த எண்களைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டும்போது குரல் தளரும். பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

இந்தப் பாதையில் ஓடுவது நீளம் குறைந்த வண்டி. நீளமான பேருந்து இந்த வளைவுகளில் திரும்பாது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தி, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஏறத்தாழ மார்போடு அணைத்துத் திருப்புகிறார். ஒரு பக்கம் பாறை முகத்தில் உரசுவதுபோல் வரும். மறு பக்கம் நாம் ஏறி வந்த சாலை மூன்று நான்கு மடிப்பாகக் கீழே கிடக்கும். ஜன்னலோரம் இருந்த பெண்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார்கள். என் பை உருண்டு நடைபாதைக்கு வந்தபோது பின்னிருக்கையிலிருந்து ஒரு அம்மா, "பையச் சீட்டுக்கடியில தள்ளுங்க தம்பி, இன்னும் நாப்பது வளைவு இருக்குது" என்றார். அவர் மாதம் நான்கு முறையாவது இந்த வளைவுகளைக் கடக்கிறவர்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. மலையில் ஓட்டிப் பழகியவர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள். வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்கிறார்கள். மலைச்சாலைக்குப் புதிதாக வருகிறவர் வளைவின் நடுவில் வந்து காரை நிறுத்திவிட்டால், ஐம்பது பேரை ஏற்றி வரும் பேருந்துதான் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அன்று ஒரு வளைவில் நடத்துநர் கீழே இறங்கி, பின்சக்கரத்தருகே நின்று, "வரலாம்... வரலாம்... போதும்" என்று குரல் கொடுத்தார். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு முழ மண்தான் இருந்தது. பேருந்தில் யாரும் பேசவில்லை.

ஏற ஏறக் காடு மாறுகிறது. அடிவாரத்தில் முள்மரங்களும் வறண்ட புதர்களும். பாதி தூரத்தில் மூங்கில். மேலே போனதும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடியும், அடியில் காப்பிச் செடியும். காற்று குளிர்ந்து, ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. வேகமாகக் கடந்துபோகிற வண்டியில் இந்த மாற்றம் கண்ணில் படாது. பேருந்து மெதுவாக ஏறுவதால் ஒரு மலை எப்படி மலையாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

நாடுகளின் மலை

கொல்லிமலை சங்க இலக்கியத்தில் பலமுறை பேசப்படும் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட இடம். மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பார்ப்பவர் மனத்தை மயக்கும் கொல்லிப்பாவை பற்றிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் தங்களை அழைத்துக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, சவ்வாது மலைகளிலும் வாழ்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து முன்னோர் இங்கே வந்ததாக அவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்கிறது. ஊர்த் தொகுப்புகளை நாடு என்கிறார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு... "எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்று நடத்துநர் கேட்டால் வெளியூர்க்காரருக்கு ஒரு கணம் திகைப்பாக இருக்கும். பேருந்தில் அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு போவது, மலையின் வரைபடத்தை ஊர்க்காரர்கள் வாயாலேயே கற்பதுபோல.

சோளக்காட்டில் வண்டி பாதி காலியாகிப் பாதி நிரம்பியது. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு, காப்பிக்கொட்டை என்று மலை விளைவிப்பதெல்லாம் கைமாறும் சந்தை அங்கே கூடுகிறது. பேருந்துக் கூரையிலும் பின்படிக்கட்டிலும் ஏறும் மூட்டைகளைப் பார்த்தாலே அந்த மாதம் மலையில் என்ன விளைகிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் இந்த மூட்டைகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்திருக்கும். இப்போது மலைச்சரிவுகளில் அதிகம் தெரிவது மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது, கையில் பணமும் உடனே கிடைத்தது, சிறுதானியம் பின்வாங்கியது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாமையை உரலில் போட்டு உமி போகக் குத்துவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே பாரம்பரியச் சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியைச் செய்தபோது, ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவர வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோது நகரத்தில் நாம் விழா எடுத்தோம். மலையில் அந்தத் தானியத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இந்தப் பேருந்தில் மூட்டையோடு நின்றுகொண்டு போகும் பெண்கள்.

படிகளும் அருவியும்

பேருந்தின் கடைசி நிறுத்தம் வளப்பூர் நாட்டின் பெரியகோவிலூர். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறப்பளீசுவரர் கோயில். தேவாரத்தில் அறைப்பள்ளி என்று குறிக்கப்படும் வைப்புத் தலம் இது. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்துக்கும் இந்தச் சிவனே பாட்டுடைத் தலைவர். கோயிலுக்கருகே ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். யாரும் அந்த மீன்களைப் பிடிப்பதில்லை. ஐயாறு என்று பெயர் பெற்ற அந்த ஆறுதான் சற்றுத் தள்ளிப் பாறை விளிம்பைத் தொட்டு, ஆகாய கங்கையாகக் கீழே விழுகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. நாமக்கல் பக்கம் நாம் அண்ணாந்து பார்க்கும் அருவி, துறையூர்ப் பக்கத்து மக்களுக்கு ஓடி வரும் ஆறு.

கோயிலுக்கருகிலிருந்து அருவிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. இறங்குவது எளிது, முழங்கால் மட்டும் நடுங்கும். வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகையின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்பது மலைமக்கள் நம்பிக்கை. ஒரு படித் திருப்பத்தில் அமர்ந்திருந்த பாட்டி, கிழங்கின் ரோமத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, "முன்னெல்லாம் இந்தப் பாறையிலயே கெடைச்சுது சாமி. இப்ப ரொம்ப தூரம் போவ வேண்டியிருக்குது" என்றார். எத்தனை சுற்றுலாக் கட்டுரைகளில் இந்தச் சூப்பைப் பரிந்துரைத்திருக்கிறோம்! பாறையில் அது மறுபடி வளர எத்தனை காலம் ஆகும் என்று யாரும் எழுதவில்லை.

கடைசிப் படியில் கால் வைத்ததும் காற்றே நீராக இருந்தது. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர், கீழே தொடும் முன்பே பாதி சாரலாகி நம் மேல் வந்து அடிக்கிறது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் நீர் விழுகிற விளிம்புக்கு மேலே கொஞ்சம் வானம் மட்டும் தெரிகிறது. ஆகாய கங்கை என்ற பெயரை யார் வைத்திருந்தாலும், இங்கே நின்று பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

அங்கே வெகுநேரம் நிற்க முடியவில்லை. மேலே ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். மலையில் சீக்கிரம் இருட்டிவிடும். பேருந்தில் வந்தவருக்குக் கடைசி நடை எப்போது என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை ஒரு நாள் நாமும் போட்டுப் பார்ப்பது நல்லது. கல்லூரிக்குப் போகும் பெண், அரசு மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி, வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போகும் விவசாயி ஆகிய எல்லோருடைய நாளும் அந்தக் கணக்குக்குள்தான் முடிகிறது. கடைசி நடையைத் தவறவிட்டால் சுற்றுலா வந்தவருக்கு ஒரு அறை வாடகை கூடுதலாகும். மலைக்காரருக்கு மறுநாள் கூலி போகும்.

ஒரு பேருந்து, பதின்மூன்று கார்கள்

ஒரு எளிய கணக்கு. ஐம்பது பேர் உட்கார்ந்து போகும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். அதே ஐம்பது பேர் காருக்கு நால்வராகப் போனால் பதின்மூன்று கார்கள் வேண்டும். எழுபது வளைவில் பதின்மூன்று கார்கள், எதிரே இறங்கும் பதின்மூன்று கார்கள். மேலே போனதும் அத்தனையும் நிற்க இடம் வேண்டும். மலையூரில் சமதளம் என்பது களமும் பள்ளி மைதானமும் தோட்டமும்தான். வாகனம் நிறுத்த இடம் தேடினால் அவற்றில் ஒன்றில்தான் போய் முட்டும்.

பணத்தின் வழியையும் பார்க்க வேண்டும். காரில் வருகிறவர் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்கிறார். பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் புளியோதரைப் பொட்டலமும் கீழிருந்தே கொண்டுவருகிறார். அருவியில் குளித்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார். மலைக்கு மிஞ்சுவது காலி பாட்டில். இது அவர் குற்றம் என்று நான் சொல்லவில்லை. காரில் போகும் பயணம் அப்படித்தான் அமைகிறது. பேருந்தில் வருகிறவர் எதையும் நிறையச் சுமக்க முடியாது. அங்கே கிடைப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அங்கேதான் டீ குடிக்க வேண்டும், நேரமாகிவிட்டால் அங்கேயே தங்க வேண்டும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் நான் சாப்பிட்ட வீட்டில், காசு கொடுத்தபோது அந்த அக்கா எண்ணிப் பார்க்காமல் வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டார். "பஸ்ல வர்றவங்கதான் உக்காந்து சாப்புடுவாங்க" என்றார்.

மலைகளுக்கு வரும் கார்களைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலைக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. பொதுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. நீதிமன்றமே சொல்லாமல் சொல்லிவிட்ட செய்தி இது: மலைக்கு வருகிற மனிதர்களின் எண்ணிக்கையைவிட, அவர்கள் வரும் வாகனங்களின் எண்ணிக்கைதான் மலையை நெரிக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் நெரிந்தபின் கற்ற பாடத்தைக் கொல்லிமலை, சவ்வாது மலை, கல்வராயன் மலை, மேகமலை போன்றவை நெரியும் முன்பே கற்றுக்கொள்ளலாம்.

வசூல் என்னும் அளவுகோல்

பேருந்தில் போவதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. அதை என்னிடம் கேட்டவர் ஒரு மலையூர் ஆசிரியர். "சனி, ஞாயிறுல நீங்க இருபது பேர் பையோட ஏறி உக்காந்துட்டா, எங்க ஜனம் மூட்டையோட நின்னுக்கிட்டே வர வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. இருக்கிற நடைகள் குறைவு. சந்தை நாளிலும் பள்ளி நேரத்திலும் வண்டி பிதுங்குகிறது. அந்த நேரத்தில் வெளியூர்க்காரர் ஏறுவது உதவியாகாது, பறிப்பதாகிவிடும்.

அதற்கான பதில் மலைப் பேருந்தின் பொருளாதாரத்திலேயே இருக்கிறது. மலைத்தடத்தில் டீசல் அதிகம் செலவாகும். பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேயும். சந்தை நாளில் நிரம்பும் வண்டி செவ்வாய், புதன் நண்பகலில் பாதி காலியாக ஓடும். ஒரு தடத்தில் வசூல் இல்லை என்ற பேச்சு வந்துவிட்டால் முதலில் குறைவது இந்த நண்பகல் நடையும் இரவு நடையும்தான். சமவெளியிலும் எத்தனையோ கிராமத் தடங்கள் இப்படித்தான் தேய்ந்தன. ஆகவே சுற்றுலாப் பயணிகள் வார நாளில், நெரிசல் இல்லாத நடையில் போனால், அவர்கள் வாங்கும் பயணச்சீட்டு அந்த நடையைத் தாங்கிப் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மலைப்பெண் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்ப ஒரு மாலை நடை இருப்பதற்கு நம்முடைய சீட்டும் ஒரு காரணமாக இருக்க முடியும்.

மலையூரில் பேருந்து வசதி மட்டும் சார்ந்த விஷயமல்ல, உயிர் சார்ந்தது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. ஊருக்குச் சாலை இல்லாததால் குழந்தையின் உடலைத் தாய் சுமந்துகொண்டு நடந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க முடியாது. சாலை போட்டால் மட்டும் போதாது. அதில் ஒரு வண்டி நாள்தோறும் ஓடினால்தான் சாலையால் பயன். கார் வைத்திருப்பவருக்கு மட்டும் பயன்படும் மலைச்சாலை, மலைமக்களைப் பொறுத்தவரை பாதி சாலைதான்.

செய்ய வேண்டியவை

1972-இல் பேருந்துகளை நாட்டுடைமையாக்கிப் போக்குவரத்துக் கழகங்களை அமைத்த மாநிலம் இது. ஒகேனக்கல்லுக்கும் குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் பேருந்திலேயே போய்க் குளித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. 1997-இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம் 2025 ஜூனில் புதுவடிவம் பெற்றிருக்கிறது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அதை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப் பகுதிகளுக்கும் விரிவாக்கும் அறிவிப்பு வந்தது. எந்த மலையில் வாழ்ந்தாலும் மலைப்பெண்கள் அனைவருக்கும் அது முழுமையாகப் போய்ச் சேர வேண்டும். அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. அதன்மேல் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

முதலில் வார இறுதியிலும் விழாக் காலங்களிலும் அடிவாரத்திலிருந்து அருவியூர்களுக்குக் கூடுதல் நடைகள் வேண்டும். அவை வழக்கமான நடைகளோடு சேர்த்து ஓட வேண்டும். மலைமக்களுக்கான வண்டியை எடுத்துச் சுற்றுலாவுக்கு ஓட்டக் கூடாது. காரில் வருகிறவர்கள் வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வழி செய்யலாம். அந்த வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மலை ஊராட்சிகளுக்குப் போகட்டும்.

அடுத்தது தகவல். முதல் நடை எப்போது, கடைசி நடை எப்போது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழில் எழுதிய பலகை வேண்டும். நேரம் தெரியாததால்தான் பலர் கார் எடுக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க நிழற்குடையும், பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் கடைசி நிறுத்தத்தில் கட்டாயம் வேண்டும். அருவியில் வெள்ள எச்சரிக்கை வந்து தடை விதித்தால், அந்தச் செய்தி அடிவாரப் பேருந்து நிலையத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். அருவிக்கு மேலே எங்கோ பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது, தங்கும் இடம். மலையில் பெரிய விடுதிகள் முளைப்பதைவிட, ஊர்ப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் நடத்தும் எளிய தங்குமிடங்களும் சிறுதானியச் சமையலறைகளும் நல்லது. சாமைச் சோறு போட்டால் விற்கும் என்று தெரிந்தால் சாமை விதைப்பார்கள். சமையலறையில் தொடங்கும் தேவை சரிவில் பயிராக முளைக்கும்.

போகிற நமக்கும் சில கடமைகள் உண்டு. சில்லறை கையில் இருக்கட்டும். பை மடியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கட்டும். பக்கத்து இருக்கையில் வேண்டாம். சந்தை நாளையும் பள்ளி நேரத்தையும் தவிர்ப்போம். ஏறியதும் நடத்துநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "திரும்பி வர்ற கடைசி வண்டி எத்தனை மணிக்குங்க?" கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவோம். மலையில் கிடைப்பதைச் சாப்பிட்டு, மலையில் விளைவதை வாங்கி வருவோம். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. நாம் ஏறியிருப்பது அவர்களுடைய வண்டி.

கடைசியாக மேலே வரும் வண்டி இரவு அங்கேயே தங்கிவிட்டு விடியலில் இறங்குவது பல மலையூர்களின் வழக்கம். ஹால்ட் வண்டி என்பார்கள். மறுநாள் விடியலில் நான் ஏறியதும் அப்படியொரு வண்டியில்தான். அதே ஓட்டுநர், அதே நடத்துநர். பனிமூட்டத்தில் முகப்பு விளக்கு நாலு அடி தூரத்துக்கு மேல் போகவில்லை. செம்மேட்டுக்கு முன்னால் அந்தப் பெயரில்லாத நிறுத்தத்தில் வண்டி நின்றது. அங்கே யாரும் இல்லை. ஓட்டுநர் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மிளகுத் தோட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் ஓடிவந்தார். கையில் ஒரு துணிப்பை. வாய்க் கட்டிலிருந்து வாழைக்காம்பு எட்டிப் பார்த்தது.

"மாமாகிட்ட குடுத்துருங்கண்ணா. மாத்திரை நல்லாக் கேக்குது, காய்ச்சல் விட்ருச்சுன்னு சொல்லிருங்க."

நடத்துநர் பையை வாங்கித் தன் இருக்கைக்குக் கீழே வைத்தார். என் முதுகுப்பையைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் விட்டேன். விசில் ஒலித்தது. எழுபதாவது வளைவிலிருந்து வண்டி இறங்கத் தொடங்கியது.